நடுவட்டத்தில் இருக்கும் முகம்: பாரிஸில் பழைய பதக்கங்களைத் தேடி

புதன்

ஓர்சே அருங்காட்சியகத்தின் முன்னால் வரிசை நெளிந்து நிற்கிறது. அதே சதுக்கத்தின் மறுபக்க வாசலில் ஆளே இல்லை. கட்டணமும் இல்லை. புதன் முதல் ஞாயிறு வரை, மதியம் 1 மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள். பிரான்ஸின் மிக உயர்ந்த விருதான லெஜியோன் தோனரின் அருங்காட்சியகம் இதுதான். பாரிஸுக்கு வரும் நம்மவர்களில் ஈஃபில் கோபுரத்தைப் பார்க்காதவர் கிடையாது. இந்த வாசலுக்குள் போனவர் அபூர்வம். நான் இந்த முறை வந்ததே இதற்காகத்தான். பிரெஞ்சு ராணுவத்தின் பழைய பதக்கங்கள், அவற்றை நெஞ்சில் அணிந்த அதிகாரிகள். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போட்டுவிட உத்தேசம்.

மாளிகையின் பெயர் சால்ம். ஜெர்மன் இளவரசர் ஒருவர் 1780களில் ஆசை ஆசையாகக் கட்டியது. 1794ல் அவர் தலை கில்லட்டினில் போனது. 1804ல் லெஜியோன் தோனரின் தலைமையகமானது. 1871ல், பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியின் கடைசி நாட்களில், தீ வைக்கப்பட்டு எரிந்தது. விருது பெற்றவர்களே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மறுபடி எழுப்பினார்கள். சுவர் திரும்ப வந்துவிட்டது. உள்ளே இருந்து எரிந்துபோன ஆவணங்களில் பல திரும்ப வரவில்லை.

நான் அதிக நேரம் நின்றது சேன் லூயி சிலுவையின் முன்னால். நாலு சென்டிமீட்டர் அகலம்தான். தங்கம், மேலே வெள்ளை எனாமல், எட்டு முனைகள். கைகளுக்கு நடுவே நான்கு மூலைகளிலும் லில்லிப் பூ. நடுவில் ஒரு சிவப்பு வட்டம். அந்த வட்டத்துக்குள், கவசமும் அரச மேலங்கியும் அணிந்த ஒன்பதாம் லூயி மன்னர், அதாவது சேன் லூயி என்ற புனித லூயி, நிற்கிறார். வலக்கையில் வாகை மாலை. இடக்கையில் ஏசுவின் முள்முடியும் ஆணிகளும். அந்த முள்முடியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிப் பாரிஸுக்குக் கொண்டுவந்த மன்னர் அவர். சிலுவைப் போருக்குப் போன இடத்தில் துனிஸில் இறந்தார். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தால்தான் முள்முடி தெரிகிறது. பின்பக்கம் தீ நாக்குகளுடன் ஒரு வாள், வாகை வளையத்தை ஊடுருவி நிற்கும். சுற்றிலும் லத்தீன்: போர் வீரத்தின் பரிசு.

1693 ஏப்ரலில் பதினான்காம் லூயி இதை ஏற்படுத்தினார். அதற்கு முன் பிரான்ஸில் உச்சியில் இருந்த சேன் எஸ்பிரி விருது பெருங்குடிப் பிரபுக்களுக்கு மட்டும். தலைமுறை தலைமுறையாகப் பிரபுக் குடும்பம் என்று ஏடு காட்ட வேண்டும். சேன் லூயிக்கு அது வேண்டாம். அதிகாரியாகப் பத்து ஆண்டுச் சேவை, கத்தோலிக்கர் என்ற சான்று, இரண்டும் போதும். கோட்டைகள் கட்டிய வோபான் முதல் வரிசையிலேயே பெற்றார். டன்கெர்க் கடலோடிக் குடும்பத்தில் பிறந்த ழான் பார் 1694ல் பெற்றார். பிறப்பு கொடுக்காத ஒன்றைச் சேவை கொடுக்கும் என்று ஒரு பெரிய ராஜ்ஜியம் எழுத்தில் ஒப்புக்கொண்டது இந்தச் சிலுவையால்தான். எனக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணமும் அதுவே.

ஆனால் அந்த இரண்டாவது நிபந்தனை உறுத்துகிறது. பிரெஞ்சுப் படையில் சுவிஸ் ரெஜிமெண்டுகள் இருந்தன, ஜெர்மன் ரெஜிமெண்டுகள் இருந்தன. அவற்றில் எத்தனையோ புரொட்டஸ்டன்ட் அதிகாரிகள். அதே குண்டு, அதே காயம், நெஞ்சில் மட்டும் ஒன்றும் இல்லை. 66 ஆண்டு கழித்து, 1759ல், பதினைந்தாம் லூயி அவர்களுக்கென்று தனி விருது ஏற்படுத்தினார். அதே அளவு, அதே எட்டு முனைகள். நடுவில் மட்டும் புனிதர் கிடையாது, நிமிர்ந்த வாள். ரிப்பனும் சிவப்பு இல்லை, நீலம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு அரசாங்கம் தன் வீரர்களை எப்படிப் பிரித்து வைத்திருந்தது என்று சொல்ல வேறு விளக்கமே தேவையில்லை.

சேன் லூயியைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் எனக்கு வந்தவாசி நினைவு வந்தது. 1760 ஜனவரி 22ல் அங்கே ஆங்கிலேயரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி கோம்த் தெ லாலி இந்த விருது பெற்றவர். தகப்பனார் அயர்லாந்திலிருந்து பிரான்ஸுக்கு வந்த கத்தோலிக்கர். 1745ல் ஃபோந்தனுவா போர்க்களத்தில் பேர் எடுத்தவர் லாலி. வந்தவாசிக்குப் பின் ஆங்கிலேயர் புதுச்சேரியைச் சுற்றி வளைத்தார்கள். 1761 ஜனவரியில் பசியால் சுருண்ட ஊரை அவர் ஒப்படைத்தார். ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலியைக் கைதியாக லண்டன் கொண்டுபோனார்கள். பாரிஸில் தன் மேல் துரோகப் பழி சுமத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதில் சொல்லத் தானாகவே திரும்பி வந்தார். பஸ்தீய் சிறையில் போட்டார்கள். 1766 மே 9ல், பேசிவிடக் கூடாதென்று வாயை அடைத்து, கிரெவ் சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். மகனும் எழுத்தாளர் வால்டேரும் விடாமல் போராடி, 1778ல் அரசவை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மரணப் படுக்கையில் கிடந்த வால்டேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

லாலி முன்கோபி, நம் ஊர் மக்களைக் கொடுமைப்படுத்தியவர். எனக்கு அவர் மேல் பாசம் ஒன்றும் இல்லை. ஆனாலும், தோல்விக்கு ஆள் தேடிய ஒரு அரசு தான் கௌரவித்த அதிகாரியையே வாயை அடைத்துக் கொன்றது என்பதை அந்தச் சிவப்பு ரிப்பனைப் பார்த்தபடி நினைக்கையில் மனம் கசந்தது.

வியாழன்

ஆன்வாலித். தங்கக் கூரை தூரத்திலிருந்தே மின்னுகிறது. கூட்டமெல்லாம் நெப்போலியன் கல்லறைக்குப் போகிறது. நான் முதலில் போனது படைவீரர்களின் தேவாலயத்துக்கு. காயம்பட்ட, வயதான சிப்பாய்களுக்காகப் பதினான்காம் லூயி 1670ல் தொடங்கிய இல்லம் இது. இன்றைக்கும் உடல் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் இங்கே வாழ்கிறார்கள்.

1804 ஜூலை 15ல் லெஜியோன் தோனர் சிலுவைகள் முதன்முதலில் வழங்கப்பட்டது இந்தத் தேவாலயத்தில்தான். புரட்சி 1792ல் எல்லா அரச விருதுகளையும் ஒழித்திருந்தது. மறு ஆண்டு, சேன் லூயி வைத்திருந்தவர்கள் சிலுவையையும் சான்றிதழையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சமத்துவம் பேசிய குடியரசுக்கு மார்பில் மின்னும் எதுவுமே ஆகவில்லை. ஆனால் சண்டை நிற்கவில்லையே. வீரம் காட்டினவனுக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும். 1799 இறுதியில் கௌரவ ஆயுதம் என்ற ஏற்பாடு வந்தது. காலாட்படையினருக்கு வெள்ளி பதித்த துப்பாக்கி, முரசு அடிப்பவருக்கு வெள்ளிக் குச்சிகள், எக்காளம் ஊதுபவருக்கு வெள்ளி எக்காளம், அதிகாரிக்கு வாள். அருங்காட்சியகத்தில் இவற்றை வைத்திருக்கிறார்கள். அவரவர் தொழில் கருவியையே அவரவருக்குப் பரிசாகக் கொடுத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

1802 மே மாதம் லெஜியோன் தோனர் சட்டம் வந்தபோது எதிர்ப்பு கடுமை. 166 பேர் ஆதரவு, 110 பேர் எதிர்ப்பு. விவாதத்தில் ஒருவர் இதெல்லாம் முடியாட்சியின் கிலுகிலுப்பை என்றார். அந்தக் கிலுகிலுப்பையை வைத்துத்தான் மனிதர்களை நடத்த முடியும் என்று நெப்போலியன் பொனபார்த் பதில் சொன்னதாக அவையில் இருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பேச்சை இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பெற்றவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் அது விளையாட்டுச் சாமானாக இருந்ததாகத் தெரியவில்லை.

ழான் ரோக் குவாஞே என்ற கிரெனடியர் காலாட்படை வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் ஆடு மாடு மேய்த்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. 1800ல் மொந்தெபெல்லோ சண்டையில் எதிரியின் பீரங்கியைப் பிடித்ததற்குக் கௌரவத் துப்பாக்கி. 1804ல் இதே தேவாலயத்தில் சிலுவை. சாதாரணச் சிப்பாய்களில் தன்னைத்தான் முதலில் அழைத்தார்கள் என்று பின்னாளில் பெருமையோடு எழுதினார். முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்று, அதிகாரியாகி, கேப்டன் வரை உயர்ந்தார். முதுமையில் நோட்டுப் புத்தகங்களில் தன் கதையை எழுதி வைத்தார். ஆண்டுக்கு 250 பிராங்க் படியும் அந்தச் சிலுவையோடு வந்தது. அதிகாரி நிலைக்கு 1000 பிராங்க். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது சாப்பாடு.

மாடியில் ஒரு மார்புக்கவசம். கார்பினியே குதிரைப்படை வீரன் ஃபோவோ வாட்டர்லூவில் அணிந்தது. வயது 23. வலது மார்பில் ஒரு பீரங்கிக் குண்டு நுழைந்த துளை, முதுகுப் பக்கம் வெளியேறிய துளை. பித்தளைத் தகடு உள்நோக்கி மடிந்திருக்கிறது. பதக்கம் குத்தும் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் சாவு வந்து போயிருக்கிறதே என்று நினைத்தேன்.

ஜெனரல் தோமெனிலின் கதை வேறு மாதிரி. 1809ல் வாக்ராமில் காலை இழந்து மரக்காலோடு வான்சென் கோட்டைக்கு ஆளுநரானார். 1814ல் பாரிஸ் விழுந்தது, சுற்றிலும் எதிரிகள். கோட்டையை ஒப்படை என்றார்கள். என் காலைத் திருப்பிக் கொடுங்கள், கோட்டையைத் தருகிறேன் என்றாராம். வான்சென் ஊரில் அவர் சிலை அந்த மரக்காலைச் சுட்டிக்காட்டியபடி நிற்கிறது.

கிளம்பும் நேரத்தில் கண்ணில் பட்டது சேன் எலேன் பதக்கம். நெப்போலியன் இறந்த தீவின் பெயர் அது. பழுப்பு வெண்கலம், பச்சையும் சிவப்புமாகக் கோடு போட்ட ரிப்பன். 1857 ஆகஸ்டில் மூன்றாம் நெப்போலியன் உத்தரவு: 1792 முதல் 1815 வரை சண்டையிட்டு இன்னும் உயிரோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. சுமார் 4 லட்சம் பேருக்குப் போயிற்று. அதிகாரி, சிப்பாய் வித்தியாசம் இல்லை. நாற்பது வருஷமாகக் கிராமங்களில் உழுதுகொண்டும் செருப்புத் தைத்துக்கொண்டும் இருந்த கிழவர்களுக்குக் கழுகு பொறித்த வெள்ளை அட்டைப் பெட்டி வந்து சேர்ந்தது. பதக்கத்தில் மாண்ட முதலாம் நெப்போலியனின் பெயரால் எழுதியிருப்பது: தன் புகழின் தோழர்களுக்கு அவருடைய கடைசி நினைவு. நிறத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் சாக்லேட் பதக்கம் என்று கூப்பிட்டார்கள். நகைச்சந்தையில் மதிப்புக் குறைவுதான். என்னைக் கேட்டால், அங்கே இருந்த வைரம் பதித்த நட்சத்திரங்களை விட இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

வெள்ளி

காலையில் ரிஷ்லியூ தெருவில் தேசிய நூலகத்தின் அருங்காட்சியகம். அங்கே தகோபேர் மன்னரின் சிம்மாசனம் என்று சொல்லப்படும் வெண்கல ஆசனம் இருக்கிறது. கால்கள் சிறுத்தை உருவில். 1804 ஆகஸ்டில் பூலோஞ் கடற்கரையில் நெப்போலியன் உட்கார்ந்து சிலுவைகளை வழங்கியது இதில்தான். நாளை அந்த இடத்துக்கே போகிறேன்.

அங்கிருந்து பாலே ருவாயால் நடை தூரம். தோட்டத்தைச் சுற்றிய வளைவு நடைபாதைகளில் பழைய பதக்கக் கடைகள் உண்டு. ஒரு கடையில் நரைத்த தலை அம்மையார் ஒருவர். போன்ழூர் மதாம் என்று சொல்லி, வாங்க வரவில்லை, பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தேன் என்றேன். லென்ஸை என் கையில் கொடுத்து, கறுப்பு வெல்வெட் துணியில் ஒரு லெஜியோன் தோனரை வைத்தார்.

ஐந்து கைகள், ஒவ்வொன்றும் இரட்டை முனை. வெள்ளை எனாமலில் இரண்டு இடத்தில் பெயர்ந்து உலோகம் தெரிகிறது. கைகளுக்கு இடையே ஓக் இலையும் வாகை இலையும் பச்சை எனாமலில். முதலில் முனைகளைப் பார் என்றார். ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்ன உருண்டை. நெப்போலியன் காலத்து ஆரம்பச் சிலுவைகளில் உருண்டை கிடையாது, பிறகு வந்தது. அடுத்து மேலே கிரீடம். 1804ல் கிரீடம் இல்லை, 1806ல் சேர்த்தார்கள். இந்தக் கிரீடத்தில் கழுகுகள். அப்படியானால் பேரரசு காலம். இப்போது நடுவட்டத்தைப் பார் என்றார்.

நடுவில் நெப்போலியன் இல்லை. தாடியோடு நான்காம் ஹென்றி.

1814ல் மன்னராட்சி திரும்பியதும் பதினெட்டாம் லூயி லெஜியோன் தோனரை ஒழிக்கவில்லை. ஒழித்திருந்தால் படையே கொதித்திருக்கும். நடுவில் இருந்த முகத்தை மட்டும் மாற்ற உத்தரவிட்டார். நெப்போலியன் போய், பூர்போன் வம்சத்தின் முதல் மன்னர் ஹென்றி வந்தார். பின்பக்கம் கழுகு போய், மூன்று லில்லி வந்தது. புதுச் சிலுவை வாங்கக் காசில்லாத அதிகாரிகள் நகைத் தொழிலாளியிடம் கொடுத்து நடுவட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். லென்ஸில் அது தெரிந்தது. நடுவட்டத்தைச் சுற்றிய நீல எனாமல் வளையத்தின் நிறம் மற்ற இடங்களை விடப் புதிது, ஓரத்தில் பற்ற வைத்த தடம். கழுகுக் கிரீடத்தை அப்படியே விட்டுவிட்டார் அந்தத் தொழிலாளி. மறந்தாரா, அதிகாரியே விடச் சொன்னாரா? நான் இரண்டாவதைத்தான் நம்ப விரும்புகிறேன்.

அதன் பிறகும் அந்த வட்டம் சும்மா இருக்கவில்லை. 1815ல் நூறு நாளுக்கு நெப்போலியன் திரும்ப வந்தார், மறுபடி ஹென்றி. 1830 புரட்சிக்குப் பின் ஹென்றி முன்னால் இருக்க, பின்பக்க லில்லிகளின் இடத்தில் மூவர்ணக் கொடிகள். 1848 குடியரசில் கிரீடம் போய், பேரரசராகும் முன் வகித்த பதவிப்படி முதல் கான்சல் பொனபார்த் என்ற பெயரோடு நெப்போலியன் முகம். 1852ல் கிரீடமும் கழுகும் திரும்பின. 1870ல் இரண்டும் ஒரேயடியாகப் போய், குடியரசைக் குறிக்கும் பெண் முகம் வந்தது. பழைய சிலுவை கையில் கிடைத்தால் நடுவட்டத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.

உலோகத்துக்கும் முத்திரை உண்டு. தொங்கவிடும் வளையத்தில் லென்ஸ் வைத்தால் தெரியும். 1838க்குப் பிறகு 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை, பாரிஸில் செய்த சிறு வெள்ளிச் சாமானுக்குக் காட்டுப்பன்றித் தலை. 1819க்கு முந்தையவற்றில் சேவல் இருக்கும். செவாலியே என்ற முதல் நிலைக்கு வெள்ளி, அதற்கு மேல் தங்கம். செவாலியே என்றதும் நமக்கு சிவாஜி கணேசனும் கமல்ஹாசனும் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் பெற்றது கலை இலக்கியத்துக்கான வேறு விருது, படிநிலையின் பெயர் மட்டும் ஒன்று.

யார் அணிந்தது என்று கேட்டேன். அம்மையார் தலையை ஆட்டினார். பிரிட்டிஷ் பதக்கங்களின் விளிம்பில் பெற்றவர் பெயரைப் பொறித்துவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. பெயர் இருப்பது கூடவே கொடுத்த சான்றிதழில். வாரிசுகள் தங்கத்தை விற்று, காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான், அந்த மனிதர் தொலைந்தார். வீட்டில் தாத்தா காலத்துப் பதக்கம் இருந்தால், தயவுசெய்து அதோடு இருக்கும் பழுத்த காகிதத்தைப் பிரிக்காதீர்கள்.

சாயங்காலம் ஒப்சர்வத்துவார் சந்திப்பில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நேயின் சிலை. வாளை உயர்த்தி, வாய் திறந்து படையை அழைக்கும் கோலம். நெப்போலியன் லெஜியோன் தோனரின் உச்சப் படியைக் கொடுத்தார். 1814ல் பதினெட்டாம் லூயி சேன் லூயி கொடுத்தார். 1815ல் நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து வந்த நெப்போலியனை இரும்புக் கூண்டில் அடைத்துக் கொண்டுவருகிறேன் என்று மன்னரிடம் சொல்லிப் போனவர், போன இடத்தில் பழைய தலைவனோடு சேர்ந்துகொண்டார். டிசம்பர் 7ல் இந்தச் சிலைக்குப் பக்கத்தில் சுட்டுக் கொன்றார்கள். சிலுவையில் முகத்தை மாற்றுவது நகைத் தொழிலாளிக்கு அரைநாள் வேலை. நேயால் அது முடியவில்லை.

சனி

கார் து நோரிலிருந்து ரயில், பூலோஞ் சுர் மேர். அங்கிருந்து வீமில் பக்கம் பேருந்து. காற்று தள்ளுகிறது.

1804ல் இங்கிலாந்தைத் தாக்க இந்தக் கரை முழுவதும் படை கூடாரம் போட்டிருந்தது. ஆகஸ்ட் 16, தன் பிறந்த நாளுக்கு மறுநாள், நெப்போலியன் இங்கே இரண்டாவது முறை சிலுவை வழங்கினார். சுமார் 2000 பேருக்கு. ஆன்வாலித்தில் நடந்தது பெரிய மனிதர்களும் கலந்த விழா; இது படையின் விழா. தகோபேர் ஆசனம் மேடையில். சிலுவைகளைத் தட்டில் கொண்டுவரவில்லை. பழைய காலத்து மாவீரர் துகெஸ்கிளானின் தலைக்கவசம், இன்னொரு மாவீரர் பாயாரின் கேடயம் என்று சொல்லப்பட்டவற்றில் நிரப்பிக் கொண்டுவந்தார்கள். எதிரே கடல், அதில் ஆங்கிலேயக் கப்பல்கள்.

தெர்லான்க்துன் பள்ளத்தில் ஆசனம் இருந்த இடத்தைக் குறிக்கும் சிறு தூண் இன்றும் நிற்கிறது. சுற்றிலும் சரிவான புல்வெளி, இயற்கையே கட்டிக் கொடுத்த அரங்கம். கீழே நின்றவனுக்கும் மேலே நடப்பது தெரிந்திருக்கும். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் கண் கூர்மையானது.

பெரும்படைத் தூண் 53 மீட்டர் உயரம், சற்றுத் தள்ளி. உச்சியில் முதலில் இருந்தது முடிசூட்டு உடையில் பொசியோ வடித்த நெப்போலியன். இரண்டாம் உலகப் போரில் சேதமடைந்ததைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது மேலே இருப்பது எளிய சீருடை அணிந்த வேறு சிலை. மழை வந்துவிட்டதால் சீக்கிரமே ரயிலுக்குத் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு

இன்று கொடுக்காத கதையும் பறித்த கதையும்.

காலையில் 17ஆம் வட்டாரத்தில் ஜெனரல் கத்ரூ சதுக்கம். புல்தரையில் ஆளுயரத்துக்கு மேலாக இரண்டு கைவிலங்குகள், சங்கிலி அறுந்து கிடக்கிறது. 2009ல் வைத்தது. ஜெனரல் தோமா அலெக்சாந்தர் துய்மாவின் நினைவு. இன்றைய ஹெய்தியில், அடிமைத் தாய்க்கும் பிரபுத் தகப்பனுக்கும் 1762ல் பிறந்தவர். சிப்பாயாகச் சேர்ந்து, புரட்சிக் காலத்தில் ஜெனரலாகி, ஆல்ப்ஸ் படைக்குத் தலைமை தாங்கினார். 1797ல் டிரோலில் ஒரு பாலத்தில் தனியாளாக ஆஸ்திரியக் குதிரைப்படையைத் தடுத்து நின்றார். எகிப்திலிருந்து திரும்பும் வழியில் இத்தாலியில் சிறைப்பட்டு உடல் கெட்டது. நெப்போலியனோடு முன்பே மனத்தாங்கல். லெஜியோன் தோனர் கிடைக்கவில்லை, ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. 1806ல் வறுமையில் இறந்தார். நாவலாசிரியர் துய்மா அவர் மகன். முன்பு இங்கே அவருக்கு ஒரு சிலை இருந்தது; ஜெர்மானியர் பிடித்திருந்த காலத்தில் அதையும் அழித்துவிட்டார்கள். 2000 சிலுவை கொட்டிக் கொடுத்த கை இவருக்கு ஒன்றை நீட்டவில்லையே என்று நேற்றைய புல்வெளியை நினைத்தபோது ஆறவில்லை.

அடுத்து எக்கோல் மிலித்தேர் என்ற ராணுவக் கல்லூரி. வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. 1895 ஜனவரி 5 காலை, உள்முற்றத்தில் கேப்டன் ஆல்ஃபிரெட் த்ரேஃபுஸை நிறுத்தினார்கள். ஜெர்மனிக்கு ரகசியம் விற்றார் என்ற பொய்க் குற்றம், யூதர் என்பதால் எளிதாக ஒட்டியது. ஒரு துணை அதிகாரி அவர் தொப்பியிலிருந்தும் கையிலிருந்தும் பட்டைகளைப் பிய்த்தார், பொத்தான்களைப் பிய்த்தார், வாளை முழங்காலில் வைத்து முறித்தார். எல்லாம் ஒரே இழுப்பில் வரவேண்டும் என்று முன்னாடியே தையலைத் தளர்த்தி, வாளை அரத்தால் அராவி வைத்திருந்தார்கள். அவமானத்துக்குக்கூட ஒத்திகை பார்த்த அரசு. சுற்றிலும் படை, வெளியே கூச்சலிடும் கூட்டம், நடுவில் நான் நிரபராதி என்று கத்திய ஒரு மனிதர்.

உண்மைத் துரோகி எஸ்தராசி என்ற அதிகாரி. அவர் நெஞ்சில் அப்போது லெஜியோன் தோனர் இருந்தது. த்ரேஃபுஸுக்கு நியாயம் கேட்டு எழுதிய நாவலாசிரியர் எமில் ஸோலாவின் லெஜியோன் தோனரை 1898ல் நிறுத்திவைத்தார்கள். அதைக் கண்டித்து எழுத்தாளர் அனத்தோல் பிரான்ஸ் தன்னுடையதை அணிவதை நிறுத்தினார். 1906 ஜூலையில் நீதிமன்றம் த்ரேஃபுஸைக் குற்றமற்றவர் என்றது. சில நாளில் அதே எக்கோல் மிலித்தேரில் அவருக்கு செவாலியே சிலுவை அணிவித்தார்கள். மாரே பகுதியின் யூத அருங்காட்சியக முற்றத்தில் அவர் சிலை, முறிந்த வாளை முகத்துக்கு முன் பிடித்து சல்யூட் செய்கிறது. வாளின் மேல் பாதி இல்லை. மரியாதை குறையவில்லை.

சாயங்காலம் பாரிஸ் புறநகர் சார்செலில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். காரைக்கால்காரர், எங்கள் பக்கம் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீடு, என்றால் தெரியும். அல்ஜீரியப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அலமாரியிலிருந்து பிஸ்கெட் டப்பா ஒன்றை எடுத்தார். அல்ஜேரி என்று பட்டி போட்ட பதக்கம், அதோடு மெதாய் மிலித்தேர் என்ற ராணுவப் பதக்கம்: மஞ்சள் ரிப்பன், ஓரத்தில் பச்சை. 1852ல் லூயி நெப்போலியன், பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் ஆனவர், ஏற்படுத்தியது. சிப்பாய்க்கும் அவில்தார் நிலைக்கும் கொடுப்பார்கள். போரில் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரலுக்கும் கொடுப்பார்கள். இடைப்பட்ட அதிகாரிகளுக்குக் கிடையாது. உச்சியில் இருப்பவருக்குப் பெரிய கௌரவம், கடைசி வரிசைச் சிப்பாயின் பதக்கத்தை அணிவது. இப்படி ஒரு விதியை யோசித்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"ஏன் பெரியப்பா, ஃபிரேம் போட்டு மாட்டலாமே?"

"மாட்டினா வர்றவங்க எல்லாம் கதை கேப்பாங்கம்மா. சொல்ற கதையா அது? அவங்க சுதந்திரத்துக்குச் சண்டை போட்டாங்க. நாங்க எதிர்ல நின்னோம்."

"அப்போ இதை வெச்சிருக்கறது?"

"இது எனக்குக் கொடுத்தது இல்ல. எங்கூட இருந்து திரும்பி வராதவனுங்களுக்கும் சேத்து. நல்லா துடைச்சு வை."

டப்பாவின் அடியில், நாலாக மடித்த சான்றிதழ் இருந்தது. பெயர், எண், தேதி எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. பெரியம்மாவிடம் சொல்லி பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டு வந்தேன்.

தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். லெஜியோன் தோனர் பெற்று 1977க்கு முன் இறந்தவர்களின் கோப்புகளை பிரெஞ்சு தேசிய ஆவணக் காப்பகம் லெயோனோர் என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறது. இலவசம். 1871 தீயில் போனவை போக, பல கோப்புகளில் பிறப்புச் சான்று, பணிப் பதிவு, பெற்றவரின் கையெழுத்து என்று பக்கம் பக்கமாகப் படங்கள் உண்டு. பெயரை வைத்துத் தேடலாம், பிறந்த ஊரை வைத்தும் தேடலாம். பாண்டிச்சேரி என்று பிரெஞ்சு எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் தெருப் பெயரோடு யாராவது வந்தால் எனக்கும் எழுதுங்கள்.